ஒளியில் கூட்டல், வண்ணத்தில் கழித்தல்



மஞ்சளும் நீலமும் கலந்தால் பச்சை என்று நம் பிள்ளைகள் தொடக்கப் பள்ளியிலேயே படித்துவிடுகின்றனர். ஆனால் மஞ்சள் விளக்கொளியையும் நீல விளக்கொளியையும் ஒரு வெள்ளைச் சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாக விழச் செய்தால் பச்சை வருவதில்லை; ஏறத்தாழ வெண்மையே தோன்றும். பாடநூல் பொய் சொல்கிறதா, விளக்கு பொய் சொல்கிறதா? இரண்டும் இல்லை. இரண்டிடத்தும் நிகழும் செயல் வேறு. ஒளிகள் சேரும்போது நடப்பது கூட்டல். வண்ணக் குழம்புகள் சேரும்போது நடப்பது கழித்தல். இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ், ஆண்டு 1852.

அதற்கும் முந்திய செய்தி ஒன்று உண்டு. கலப்பில்லாத ஒளி வெள்ளையே, அதனோடு இருள் சேர்வதால்தான் நிறங்கள் பிறக்கின்றன என்று ஐரோப்பியக் கல்விக்கூடங்களில் நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது. நியூட்டன் இருட்டறையின் சன்னற்பலகையில் சிறு துளையிட்டு, உள்ளே வந்த வெயிற்கதிரை முப்பட்டைக் கண்ணாடியில் செலுத்தினார். எதிர்ச்சுவரில் நிறங்கள் வரிசையாக விரிந்தன. அவற்றுள் ஒன்றை மட்டும் பிரித்து இரண்டாம் கண்ணாடியில் செலுத்தியபோது அது மேலும் மாறவில்லை. எல்லாவற்றையும் மீண்டும் ஒன்றுசேர்த்தபோது வெண்மை திரும்பியது. 1672இல் அவர் இதனை வெளியிட்டார். கலப்பற்றது என்று போற்றப்பட்ட வெள்ளொளியே யாவற்றினும் மிகுந்த கலப்புடையது என்றாயிற்று. தூய்மையைப் பற்றிய உபதேசங்களைத் தலைமுறைதோறும் கேட்டு வளர்ந்த நாம் இச்செய்தியைச் சற்று நின்று கேட்கலாம்.

வெயிலில் எண்ணற்ற நிறங்கள் இருக்க, மூன்றை மட்டும் முதல்நிறம் என்பானேன்? விடை வெயிலில் இல்லை, நம் கண்ணில் இருக்கிறது. விழித்திரையில் நிறமறியும் கூம்புச் செல்கள் மூவகை. இத்தகைய கருத்தை 1802ஆம் ஆண்டிலேயே தாமஸ் யங் என்னும் ஆங்கில மருத்துவர் ஊகித்துரைத்தார். அடுப்புச் சுடரில் உப்பைத் தூவினால் எழுவது உண்மையான மஞ்சள் ஒளி. தொலைக்காட்சித் திரையில் நாம் காணும் மஞ்சளோ சிவப்பும் பச்சையும் அருகருகே எரிவதன்றி வேறில்லை. இரண்டும் கூம்புச் செல்களை ஒன்றுபோலவே தூண்டுவதால் கண் வேறுபாடு அறிவதில்லை. ஐயமிருப்போர் கைபேசித் திரையின் வெள்ளைப் பகுதியில் ஒரு சிறு நீர்த்துளியை வைத்துப் பாருங்கள். துளி உருப்பெருக்கியாகி, சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகளைக் காட்டிவிடும்.

இந்த உண்மையை மேடையில் மெய்ப்பித்தவர் மாக்ஸ்வெல். கட்டம்போட்ட பலநிற நாடா ஒன்றைச் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் வழியே மூன்று முறை படமெடுக்கச் செய்தார். 1861இல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் மூன்று விளக்குகளால் அப்படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வீழ்த்த, நாடா நிறங்களோடு தோன்றிற்று. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அக்காலத்துப் படத்தகடு சிவப்பொளியை உணரவே உணராது. பின் எப்படிச் சிவப்பு பதிந்தது? நூறாண்டு கழித்து, 1961இல்தான் விடை கிடைத்தது. நாடாவின் சிவப்புச் சாயம் கண்ணுக்குப் புலப்படாத புற ஊதாக் கதிரையும் திருப்பியனுப்பியது. சிவப்பு வடிகட்டி அதைத் தடுக்கவில்லை. தகடு அதை வாங்கிக்கொண்டது!

இனி வண்ணக் குழம்புக்கு வருவோம். மஞ்சள் வண்ணம் தன்மேல் விழும் வெள்ளொளியில் நீலத்தை விழுங்கிவிட்டுச் சிவப்பையும் பச்சையையும் திருப்பியனுப்புகிறது. நீல வண்ணம் சிவப்பை விழுங்கி, நீலத்தோடு ஓரளவு பச்சையையும் திருப்புகிறது. இரண்டையும் குழைத்தால் இரண்டிடமும் தப்பிப் பிழைப்பது பச்சை ஒன்றே.

சிவப்பையும் நீலத்தையும் குழைத்து ஊதா வரவழைக்க முயன்று, சேற்றுநிறமே கண்டு, உனக்குக் கை சரியில்லை என்று கடிந்துகொள்ளப்பட்ட மாணவர்கள் நம்மிடையே பலர். சிலர் அன்றோடு தூரிகையைக் கீழே வைத்தவர்கள். குற்றம் அவர்கள் கையில் இல்லை. சாதாரணச் சிவப்பு வண்ணம் பச்சையோடு நீலத்தையும் விழுங்குகிறது; நீலமோ சிவப்பை விழுங்குகிறது; எஞ்சுவது அற்பம். புடவைக் கடையில் மெஜந்தா என்று கேட்டு வாங்குகிறோமே, அந்நிறம் பெரும்பாலும் பச்சையை மட்டுமே விழுங்கும். அதனோடு நீலம் சேர்த்தால் நல்ல ஊதா வரும். விளம்பரப் பலகை எழுதும் தம்பிகளும் ஓவியம் பயிற்றும் ஆசிரியர்களும் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

பழுத்துப்போன வெள்ளை வேட்டிக்கு நம் தாய்மார் நீலம் போடுவதும் கழித்தல் கணக்கே. பழுப்பு நீலத்தை விழுங்குகிறது. போட்ட நீலம் மற்றவற்றில் கொஞ்சம் விழுங்கிச் சமன் செய்கிறது. மொத்த ஒளி குறைந்தாலும் வேட்டி வெளுத்ததாகவே தோன்றுகிறது. ஆனால் மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பதை இக்கணக்கில் சேர்க்கலாகாது. அங்கே சுண்ணாம்பின் காரத்தால் மஞ்சளின் நிறப்பொருளே வேறாகிறது; அது வேதியியல்.

இறுதியாக ஒரு சோதனை. மூன்று கைவிளக்குகளின் முகத்தில் சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடித்தாள்களைக் கட்டி, சற்று இடைவெளிவிட்டு வைத்து, ஒரே இடத்தில் ஒளி விழச் செய்யுங்கள். வெண்மை கொஞ்சம் மங்கலாகவே இருக்கும். கண்ணாடித்தாள் ஆய்வுக்கூடத்துப் பொருளன்று. இப்போது சுவருக்கு முன் ஒரு பென்சிலை நிறுத்தினால் மூன்று நிழல்கள் விழும். எந்த நிழலும் கறுப்பாக இராது. சிவப்பு மறைந்த நிழல் பச்சை கலந்த இளநீலம். அச்சகத்தார் அதைச் சயான் என்பர். பச்சை மறைந்த நிழல் மெஜந்தா. நீலம் மறைந்த நிழல் மஞ்சள். சிவகாசியில் பலவண்ண நாட்காட்டிகளை அச்சிடும் மைகளும் இம்மூன்றே. மூன்று மைகளும் சேர்ந்தாலும் முழுக் கறுப்பு வராமல் மண்நிறமே வருவதால், நான்காவதாகக் கறுப்பு மை ஒன்றைத் தனியே சேர்த்துக்கொள்கின்றனர்.