பழைய டீவியை மாற்றலாமா? கடைக்குப் போகுமுன் ஒரு கணக்கு

(தோட்டத்தின் கீழ்ப்பிரிவுப் பிள்ளைமடுவத்தில், சம்பளத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் நிகழ்த்திய பேச்சு)



இந்த மழையிலும் இவ்வளவு பேர் வந்திருக்கிறீர்கள். மிக்க நன்றி. வழக்கமாக இந்த இடத்தில் நாங்கள் போஷாக்கு, தடுப்பூசி, மலசலகூடம் என்றுதான் பேசுவோம். இன்றைக்குப் பேசப்போவது டீவியைப் பற்றி. யாரும் சிரிக்க வேண்டாம். தீபாவளி முற்பணம் கிட்ட வரவும், "ஐயா, பழைய டீவியைத் தள்ளிட்டு எச்டி டீவி ஒண்ணு எடுக்கலாமுங்களா? கடையில தவணைக்குத் தாறாங்க" என்று நாலைந்து வீட்டில் எங்களிடம் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொரு வாசலிலும் நின்று பதில் சொல்வதைவிட எல்லோருக்கும் ஒன்றாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தோம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். டீவி ஆடம்பரம், அது நமக்கு எதற்கு என்று பேச நாங்கள் வரவில்லை. நாள் முழுக்க மலையில் நின்று கொழுந்து எடுத்துவிட்டு வருகிறவருக்கு மாலையில் ஒரு மணித்தியாலம் நாடகம் பார்க்க உரிமை இல்லையா? ரூபவாஹினி 1982ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஆரம்பித்தது. அந்த நாட்களில் லயங்களில் மின்சாரம் இல்லை. கார் பெட்டரியில் ஓடும் ஒரு கறுப்பு வெள்ளைப் பெட்டி, அதுவும் வசதியான ஒரு வீட்டில் இருக்கும். இஸ்தோப்பு நிறையச் சனம் உட்கார்ந்திருக்கும். பெட்டரி இறங்கினால் டவுனுக்குச் சுமந்துபோய்ச் சார்ஜ் பண்ணிக்கொண்டு வரவேண்டும். 1996 மார்ச் 17ஆம் திகதி லாகூரில் நம் நாடு உலகக் கிண்ணம் வென்ற இரவு உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். 2020ஆம் ஆண்டு பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தபோது பிள்ளைகளுக்குப் பாடம் வந்ததும் டீவி வழியாகத்தான். ஆகவே டீவி நமக்கு வேண்டிய பொருள்தான். எந்த டீவி, எப்போது, என்ன விலைக்கு என்பதுதான் கேள்வி.

எச்டி என்றால் என்ன?

டீவிப் படம் என்பது கோடு கோடாக அடுக்கிய புள்ளிகள். நம் நாட்டின் பழைய முறையில் மொத்தம் 625 கோடுகள். அதில் படமாகத் தெரிவது 576. எச்டியில் 720 கோடு ஒரு வகை, 1080 கோடு இன்னொரு வகை. இப்போது கடையில் 4கே என்று சொல்கிறார்களே, அதில் 2160 கோடு. கோடு கூடக் கூடப் படம் நுணுக்கமாக இருக்கும். விஷயம் அவ்வளவுதான்.

ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. பெட்டி எச்டியாக இருந்தால் மட்டும் போதாது. உள்ளே வருகிற படமும் எச்டியாக இருக்க வேண்டும். கூரைக்கு மேலே கம்பில் கட்டிய அன்டெனாவில் வரும் பழைய அனலாக் அலை எச்டி படத்தைக் கொண்டு வராது. டிஷ் வைத்திருப்பவர்களுக்கும் எச்டி பொக்ஸ் வேண்டும், எச்டி சனல் உள்ள பெக்கேஜ் வேண்டும், பொக்ஸிலிருந்து டீவிக்கு எச்டிஎம்ஐ வயர் வேண்டும். மஞ்சள், சிவப்பு, வெள்ளை மூன்று வயரில் கொடுத்தால் எவ்வளவு பெரிய டீவியிலும் பழைய படம்தான் வரும்.

இதை நாங்கள் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலேயே பட்டுத் தெரிந்துகொண்டோம். சில வருஷத்துக்கு முன் பிள்ளைகள் கேட்டார்கள் என்று 43 அங்குல டீவி ஒன்றைத் தவணைக்கு எடுத்தோம். கடையில் பார்த்தபோது மீன் நீந்துகிறது, பூ விரிகிறது, கண்ணைப் பறிக்கிற மாதிரி இருந்தது. வீட்டில் கொண்டுவந்து பழைய பொக்ஸில் கொழுவினால் முகமெல்லாம் கரைந்த மாதிரித் தெரிகிறது. சின்னத் திரைக்கு வந்த படத்தைப் பெரிய திரையில் இழுத்தால் அப்படித்தான் இருக்கும். கடையில் ஓடியது பென்டிரைவில் போட்டுவைத்த தனிப்படம் என்பது பிறகுதான் விளங்கியது. புது பொக்ஸ், புது பெக்கேஜ் என்று மாதச் செலவும் கூடிப்போனது. யாரும் எங்களை ஏமாற்றவில்லை. நாங்கள் கேட்கவில்லை, அவர்கள் சொல்லவில்லை.

நம்ம காம்பராவுக்கு எவ்வளவு பெரிசு?

லயத்துக் காம்பரா பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. கட்டில், அலுமாரி போக, டீவிக்கும் உட்காருகிற இடத்துக்கும் நடுவில் ஆறேழு அடி இருக்கும். 32 அங்குல டீவியை ஆறடிக்கு மேல் தள்ளியிருந்து பார்த்தால், 720 கோட்டுக்கும் 1080 கோட்டுக்கும் உள்ள வித்தியாசம் நல்ல கண்ணுக்கே தெரியாது. 43 அங்குலத்திலும் அந்தத் தூரத்தில் 1080க்கும் 4கேக்கும் வித்தியாசம் பிடிபடாது. தெரியாத கோட்டுக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்?

இன்னொன்று. "அங்குலம் கூடினா படம் பெரிசு" என்று நினைத்துவிடாதீர்கள். பழைய 21 அங்குலப் பெட்டி சதுரம் மாதிரி. புதியது அகலம். 24 அங்குலப் புது டீவியில் படத்தின் உயரம் பழைய 21 அங்குலத்தை விடக் கூடாது. மாற்றுவதென்றால் 32 எடுத்தால்தான் மாற்றிய மாதிரி இருக்கும்.

டீவி மங்கலா, கண் மங்கலா?

இந்த இடத்தில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். பேர் சொல்லவில்லை. அந்த வீட்டில் சம்மதம் கேட்டுத்தான் சொல்கிறோம்.

நாற்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்து ஓய்ந்த ஒரு பாட்டி. வீட்டில் இருப்பது அவரது சேமலாப நிதிக் காசில் வாங்கிய 21 அங்குல டீவி. "படம் புகை மாதிரி இருக்கு, இந்தப் பொட்டி போயிருச்சு" என்று அவர் ஒவ்வொரு நாளும் சொல்ல, கொழும்பில் வேலை செய்கிற மகன் அம்மாவுக்கு நல்ல எச்டி டீவி வாங்கப் பணம் அனுப்பிவிட்டார். எதை வாங்குவது என்று கேட்க மருமகள் எங்களைக் கூப்பிட்டார். போய் டீவியைப் போட்டுப் பார்த்தோம். படத்தில் ஒரு குறையும் இல்லை. சுவரில் இருந்த கலண்டரைக் காட்டி, "பாட்டி, இது எந்தச் சாமி?" என்று கேட்டோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "முருகன்தானே" என்றார். அது மாதா படம்.

அதற்குப் பிறகுதான் மருமகளுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. படியில் இரண்டு தரம் வழுக்கி விழுந்தது, அரிசியில் கல் பொறுக்க மாட்டேன் என்றது, யார் வந்தாலும் குரல் கொடுத்த பிறகே பேர் சொல்வது. எல்லாவற்றுக்கும் வயசுதான் காரணம் என்று வீட்டில் நினைத்துவிட்டார்கள். பாட்டியும் பிள்ளைகளுக்குச் செலவு வைக்கக் கூடாது என்று வாயைத் திறக்கவில்லை. டீவியைத்தான் குறை சொன்னார்.

அரசாங்க ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம். இரண்டு கண்ணிலும் புரை. முறை வரும்வரை சில மாதம் காத்திருந்து ஒரு கண்ணுக்கு ஒப்பரேஷன் நடந்தது. மகன் அனுப்பிய காசில் ஒரு பங்கு போக்குவரத்துக்கும் மருந்துக்கும் போனது. கட்டவிழ்த்து வீட்டுக்கு வந்த அன்று மாலை அதே பழைய டீவிக்கு முன்னால் உட்கார்ந்து, "இதுல இம்புட்டுக் கலர் இருந்துச்சா?" என்று கேட்டார். மருமகள் அழுதுவிட்டார். எங்களுக்கும் தொண்டை அடைத்தது.

ஆகையால் வீட்டில் வயசானவர் டீவி மங்கல் என்று சொன்னால், கடைக்கு முன் கிளினிக்குக்குப் போங்கள். பிள்ளை டீவிக்குப் பக்கத்தில் போய்ப் போய் உட்கார்ந்தால் அதட்டி மட்டும் விடாதீர்கள். அந்தப் பிள்ளையின் கண்ணையும் காட்டுங்கள்.

விலையை நாள் பேரில் எண்ணுங்கள்

2024ஆம் ஆண்டு செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா என்றானது. அதில் சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 108 ரூபா கழிந்தால் மிச்சம் 1242. ஒரு டீவி 50,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சம்பளத்தில் அது 40 முழுப் பேர். அதாவது ஒன்றரை மாதத்துக்கு மேல் மழையிலும் அட்டையிலும் நின்ற உழைப்பு. உங்கள் கையில் இருக்கும் சம்பளத் துண்டை வைத்து நீங்களே இதைப் போட்டுப் பாருங்கள்.

தவணை என்றால் இன்னும் கவனம். உதாரணத்துக்கு, அதே டீவிக்கு முதலில் 10,000 கட்டி மாதம் 4,400 வீதம் 12 மாதம் என்று சொன்னால், மொத்தம் 62,800 ரூபா ஆகிறது. 12,800 ரூபா, பத்துப் பேருக்கு மேல், டீவிக்கே இல்லை, வட்டிக்குப் போகிறது. கொழுந்து குறைந்து வேலை நாள் குறைகிற மாதத்திலும் தவணைக்காரர் காத்திருக்கமாட்டார். "மாசம் எவ்வளவு?" என்று மட்டும் கேட்காதீர்கள். "மொத்தம் எவ்வளவு?" என்று கேளுங்கள். அதே 4,400ஐப் பெண்கள் சேர்ந்து சீட்டாகப் போட்டாலோ, வங்கியில் சேர்த்தாலோ ஒரு வருஷத்தில் 52,800 ரூபா கையில் இருக்கும். ரொக்கமாகவே வாங்கலாம்.

கரண்ட் மிச்சம் என்று கடையில் சொல்வார்கள். அது பொய்யில்லை, ஆனால் அளவு தெரிய வேண்டும். பழைய பெட்டி 80 வொட், புது 32 அங்குலம் 40 வொட் என்று எடுத்தால், ஒரு நாளைக்கு ஐந்து மணித்தியாலம் ஓடும்போது மாதம் 12 அலகு 6 அலகாகக் குறையும். உங்கள் பில் 60 அலகைத் தொட்டு நிற்கிற பில் என்றால் இந்த 6 அலகு உதவும், ஏனென்றால் 60ஐத் தாண்டினால் வேறு கட்டண அட்டவணைக்குள் போய்விடுவீர்கள். ஆனால் மலிவு என்று மிகப் பெரிய டீவி எடுத்தால் அந்த மிச்சமும் இராது.

எப்போது மாற்றலாம்?

படக் குழாய் தேய்ந்து படம் இருண்டுவிட்டது, பாகம் கிடைக்கவில்லை, திருத்துகிற செலவு திரும்பத் திரும்ப வருகிறது, கையில் ரொக்கம் இருக்கிறது என்றால் தாராளமாக மாற்றுங்கள். 32 அங்குலம், 720 கோடு நம் காம்பராவுக்குத் தாராளம்.

பழைய டீவி ஒருநாள் ஒன்றுமே காட்டாமல் போய்விடும் என்று சிலர் பயம் காட்டுகிறார்கள். டிஜிட்டல் ஒளிபரப்புக்காக 2014ஆம் ஆண்டில் நம் நாடு ஜப்பானிய முறையைத் தெரிந்தெடுத்தது. வேலை பல வருஷம் இழுபட்டது. அன்டெனா வழியாக அது வந்தாலும், அதற்குரிய சின்னப் பொக்ஸ் ஒன்றைப் பழைய டீவியிலும் மூன்று வயரால் கொழுவலாம். அந்தப் பயத்துக்காக அவசரப்பட வேண்டாம். புதிதாக வாங்குகிறவர் மட்டும், "இதுக்குள்ள ஜப்பான் முறை டிஜிட்டல் இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள்.

வாங்கினால் பில்லும் உத்தரவாத அட்டையும் கட்டாயம் வாங்குங்கள். அட்டையில் உள்ள இலக்கமும் டீவிக்குப் பின்னால் உள்ள இலக்கமும் ஒன்றா என்று பாருங்கள். கடையில் நியாயம் கிடைக்காவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்குச் சொல்லலாம்.

மார்ச் ஏப்ரலிலும் ஒக்டோபர் நவம்பரிலும் பின்னேர இடி மின்னல் நமக்குப் புதிதல்ல. வானம் இருண்டவுடனேயே பிளக்கையும் கழற்றுங்கள், அன்டெனா வயரையும் கழற்றுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. இடி தலைக்கு மேல் வந்த பிறகு வயரைத் தொடவும் வேண்டாம்.

பழைய பெட்டியைக் கான் வழியே உருட்டிவிடாதீர்கள். அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. நாம் குடிக்கிற தண்ணீரும் கீழேதான் ஓடுகிறது. பின்பக்கத்தைத் திறந்து பார்க்கவும் வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே ஆளை அடிக்கும் அளவு மின்சாரம் தேங்கி நிற்கும். எங்களிடம் சொன்னால் மின்கழிவு சேர்ப்பவர்களிடம் ஒப்படைக்க ஒழுங்கு செய்வோம். நல்லாக ஓடுகிற பெட்டி என்றால் டீவி இல்லாத ஒரு வீட்டுக்குக் கொடுங்கள்.

முடிவாக ஒன்று. டீவி வாங்குவது ஒருவர் முடிவாக இருக்கக் கூடாது. சம்பள நாளன்று ஆண்கள் மட்டும் டவுனுக்குப் போய்க் கையெழுத்து வைத்துவிட்டு வருவது வேண்டாம். மலையில் கொழுந்து எடுத்து அந்தத் தவணையைக் கட்டப்போகிற பெண்ணிடமும் கேட்க வேண்டும். சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகிற பிள்ளையிடம், "உனக்கு இந்த வருஷம் என்ன வேணும்?" என்று கேட்க வேண்டும். மூலையில் உட்கார்ந்திருக்கிற பாட்டியிடம், "படம் தெரியுதா?" என்று கேட்டுவிட்டு, கலண்டரையும் காட்டிக் கேட்க வேண்டும். எல்லோரும் பேசிய பிறகும் வாங்கத்தான் வேண்டும் என்றால் சந்தோஷமாக வாங்குங்கள். எங்களையும் ஒருநாள் தேத்தண்ணிக்குக் கூப்பிடுங்கள், வந்து பார்க்கிறோம்.

கண் கிளினிக்குக்குப் பேர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் மேசைக்கு வாருங்கள். கொப்பி திறந்துதான் இருக்கிறது.



– தோட்ட நலன்புரி உத்தியோகத்தர்