புதுக் கருவியும் பேடெண்டு உரிமையும்
(கிராமக் கைத்தொழிலாளருக்கான சொற்பொழிவு)



கிராமத்துத் தச்சரும் கொல்லரும் குடியானவரும் தத்தம் அனுபவத்தைக் கொண்டு புதிய கருவிகளை ஆக்குவது அபூர்வமன்று. ஒருவர் களையெடுக்கும் கருவிக்குப் புதுவிதமாகப் பல் அமைக்கிறார். மற்றொருவர் நிலக்கடலை உடைக்கும் யந்திரத்தில் பருப்பு நொறுங்காதபடி வழி காண்கிறார். சந்தையில் பத்துப்பேர் கண்ணில் பட்டதும் பட்டறைதோறும் அதைப்போலவே செய்யத் தொடங்குகிறார்கள். உழைத்தவருக்குப் பெயர்கூட மிஞ்சுவதில்லை. இந்நஷ்டத்தைத் தடுக்கச் சட்டம் வகுத்துள்ள வழியே பேடெண்டு உரிமை.

இவ்வுரிமை ஓர் ஒப்பந்தம் போன்றது. கருவியை ஆக்கியவர் அதன் சூட்சுமத்தை ஒளிவின்றி எழுதிச் சர்க்காரிடம் ஒப்புவிக்கிறார். அதற்குப் பிரதியாக, உரிமை அளிக்கப்பட்டால், மனுச் செய்த தேதியிலிருந்து 20 வருஷம் முடியும்வரை, பிறர் அனுமதியின்றி அதைச் செய்யாமலும் விற்காமலும் தடுக்கும் அதிகாரத்தைப் பெறுகிறார். கெடு முடிந்தபின் அது பொதுச்சொத்தாகும். இந்தியாவில் இதற்கான முதற் சட்டம் 1856-ஆம் வருஷத்தில் பிறந்தது. அவ்வாண்டு மார்ச்சு 3-ந் தேதி கல்கத்தாவில் ஜார்ஜ் ஆல்பிரட் டிபென்னிங் என்பவர் முதல் மனுவைக் கொடுத்தார். அது பங்கா இழுக்கும் யந்திரத்திற்கானது. ஆகவே, எளிய பொருளாயிற்றே என்று எவரும் கூச வேண்டுவதில்லை. இக்காலத்தில் அமுலில் இருப்பது 1970-ஆம் வருஷத்துச் சட்டமும் அதன் திருத்தங்களுமே.

உரிமை கிடைக்க வேண்டுமாயின் பொருள் புதியதாயிருத்தல் வேண்டும். அத்தொழில் அறிந்தவருக்கு எளிதில் தோன்றாததாயும், தொழிலுக்குப் பயன்படுவதாயும் இருத்தல் வேண்டும். உழவுமுறைக்கும் பரம்பரை அறிவிற்கும் பேடெண்டு இல்லை. உழவுக் கருவிக்கு உண்டு.

புதுமை என்னும் நிபந்தனை எத்துணைக் கண்டிப்பானது என்பதற்கு மஞ்சளே சாட்சி. மஞ்சளால் புண்ணை ஆற்றும் முறைக்கு 1995-இல் அமெரிக்காவில் மிசிசிப்பி சர்வகலாசாலையின் மருத்துவ நிலையம் பேடெண்டு பெற்றது. இந்தியாவின் விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சிக் கவுன்சில் பழைய நூல்களையும் 1953-இல் வெளியான ஒரு மருத்துவக் கட்டுரையையும் காட்டி ஆக்ஷேபித்தது. 1997-இல் அவ்வுரிமை ரத்தாயிற்று. முன்னரே ஊரறிந்த பொருள் எவருக்கும் தனியுடைமை ஆகாது.

அவ்விதி கிராமத்துக் கொல்லரையும் கட்டும். மனுச் செய்யுமுன் கருவியைச் சந்தையில் விற்றாலும், பத்திரிகையில் படத்துடன் பிரசுரித்தாலும், அவர் தம் கையாலேயே புதுமையை அழித்தவராவார். சர்க்கார் அறிவிப்புப் பெற்ற பொருட்காட்சி முதலிய சிலவற்றிற்கே 12 மாதச் சலுகை உண்டு. அதை நம்பியிராமல் முந்தி மனுச் செய்வதே உசிதம்.

முந்துவதற்கு வசதியும் இருக்கிறது. கருவி முற்றும் திருந்துமுன்பே தற்காலிக விவரணம் ஒன்றைக் கொடுத்துத் தேதியைப் பெறலாம். 12 மாதத்திற்குள் படங்களுடன் பூரண விவரணம் கொடுத்தல் வேண்டும். தொழில் தெரிந்தவர் அதைப் படித்து அக்கருவியைச் செய்யக்கூடிய அளவு அது தெளிவாயிருத்தல் அவசியம். எப்பகுதிக்கு உரிமை வேண்டுமோ அதைக் கோரிக்கையில் தனித்துக் குறிக்க வேண்டும். கோராத பகுதிக்குக் காப்பு இல்லை. தனிநபர் மின்வழியே மனுச் செய்யக் கட்டணம் 1,600 ரூபாய். 18 மாதத்திற்குப் பின் மனு பிரசுரமாகும். அதனோடு காரியம் முடிவதில்லை. பரிசீலனைக்கெனத் தனியே விண்ணப்பித்தல் வேண்டும். 2024 மார்ச்சு 15 முதல் செய்யப்படும் மனுக்களுக்கு இதற்குக் கெடு 31 மாதம். தவறினால் மனு வாபஸ் பெறப்பட்டதாகக் கருதப்படும். உரிமை பெற்றபின்னும், மூன்றாம் வருஷம் முதற்கொண்டு உரிய புதுப்பிப்புக் கட்டணத்தைச் செலுத்தி வராவிடில் அது இறந்துபடும்.

தென்னாட்டு மனுக்களை ஏற்கும் பேடெண்டு காரியாலயம் முன்னர்ச் சென்னைத் தேனாம்பேட்டையில், அண்ணா சாலைக் குணா கட்டடத்தில் இருந்தது. இப்பொழுது அது கிண்டியில் உள்ளது. பழைய விலாசத்தை நம்பித் தேனாம்பேட்டையில் அலைய வேண்டாம்.

ஏஜெண்டு இன்றித் தாமே மனுச் செய்யச் சட்டம் இடங்கொடுக்கிறது. எனினும் கருவி செய்யும் கை விவரணம் எழுதப் பழகியிராது. கிராமத்துப் பள்ளி ஆசிரியரும் படித்த வாலிபரும் பட்டறைக்குச் சென்று அளவெடுத்து, படம் வரைந்து, எழுதிக் கொடுப்பாராயின் அது பேருபகாரமாகும். வெள்ளம் வருமுன் அணை கோலுவதே போல், கருவி சந்தைக்குப் போகுமுன் மனு காரியாலயத்திற்குப் போய்ச் சேரட்டும்.