சீனாய் மலைக்குத் தேக்காவில் பயிற்சி



பாலைவன மலை ஏற ஆசைப்படும் சிங்கப்பூரருக்கு முதல் சிக்கல், இங்கே மலை கிடையாது என்பதுதான். புக்கிட் தீமா உச்சியே 163 மீட்டர். ஆனால் எகிப்துக்குப் புனிதப் பயணம் போகிற நம் தமிழ்க் கிறிஸ்தவர்கள் பலருக்குச் சீனாய் மலை ஏறாமல் மனம் நிறையாது. அதன் உயரம் 2,285 மீட்டர். அடிவாரத்துப் புனித கேத்தரின் மடாலயமே 1,500 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அங்கிருந்து நாம் ஏறவேண்டியது ஏறத்தாழ 700 மீட்டர். இருபது மாடி வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக் ஒன்றைப் பன்னிரண்டு தடவை ஏறுகிற கணக்கு!

மலைக்க வேண்டாம். 1998-ல் எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட முதல் சிங்கப்பூர்க் குழுவும் முதுகில் சுமையோடு அடுக்குமாடிப் படிகளில் ஏறித்தான் பழகியது. தேக்காவில் குடியிருப்பவருக்குப் பஃபலோ ரோட்டு புளோக்குகள் போதும். ஒன்று மட்டும் சொல்கிறேன். படியில் ஏறிவிட்டு மின்தூக்கியில் இறங்குகிறவர்கள் உண்டு. முட்டிக்கு நல்லதுதான். சீனாயில் மின்தூக்கி ஏது? வாரத்தில் ஒரு நாளாவது படியிலேயே இறங்கிப் பாருங்கள். மலையில் தொடை நடுங்குவது பெரும்பாலும் இறங்கும்போதுதான்.

சூரிய உதயம் பார்க்க நள்ளிரவு தாண்டியதும் கிளம்புவார்கள். முன்னால் பெடூயின் வழிகாட்டி, கையில் டார்ச். ஒட்டகப் பாதை சுற்றிச் சுற்றிப் போகும். கடைசியில் ஒட்டகமும் நின்றுவிடும். மிச்சம் சுமார் 750 கற்படிகள். ஒன்று முழங்கால் உயரம், அடுத்தது சரிந்து கிடக்கும். குளிர்காலத்தில் உச்சியில் பூஜ்யத்துக்கும் கீழே குளிரும். முஸ்தபா கடையில் டார்ச் வாங்கும்போதே கையுறையும் கம்பளித் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்ப் பழக்கம் நம்மை ஏமாற்றுவது தண்ணீரில்தான். இங்கே காற்றில் ஈரம் அதிகம். பத்து மாடி ஏறினால் சட்டை தொப்பலாகிவிடும், தாகம் தானாகத் தெரியும். பாலைவனக் காற்றில் வேர்வை வந்த சுவடில்லாமல் உலர்ந்துவிடும். வேர்க்கவில்லையே என்று குடிக்காமல் இருப்பார்கள். விடிந்து, வெயில் ஏறி, இறங்கும்போது தலை சுற்றும். தாகம் எடுக்கக் காத்திராமல் வாய் வாயாகக் குடித்துக்கொண்டே இருங்கள். கொஞ்சம் உப்புக் கடலையும் கையில் இருக்கட்டும்.

குழுவாகப் போகிறவர்கள், மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். வேகக்காரர்களுக்கு எரிச்சல் வரும், வரட்டும். இருட்டில் பின்தங்கிய ஒருவரைத் தேடி எல்லோரும் திரும்பி இறங்குவதைவிட அது மேல்.

பயணத்துக்கு முன் வெளியுறவு அமைச்சின் பயண அறிவுரையைப் பாருங்கள். இரத்த அழுத்தத்துக்கோ இருதயத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள், டாக்டரைக் கேட்காமல் பணம் கட்டிவிடாதீர்கள்.