பூட்டுக்குள் ஒரு பார்வை



கல்வியிலும் ஆராய்ச்சியிலும் மெய்நிகர் தொழில்நுட்பத்துக்கு என்ன வேலை என்று பேசத் திண்டுக்கல்லில் கூடியிருக்கிறோம். விடை இந்த ஊர்ப் பட்டறைகளிலேயே இருக்கிறது என்பது என் எண்ணம்.

2019இல் புவிசார் குறியீடு பெற்ற நம் திண்டுக்கல் பூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே வெறும் இரும்புக் கூடு. சாவி திரும்பும்போது உள்ளிருக்கும் லீவர்கள் ஒவ்வொன்றும் தனக்குரிய உயரத்துக்கு எழ வேண்டும். அப்போதுதான் தாழ் நகர வழி கிடைக்கும். ஒரு லீவர் மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் பூட்டு திறக்காது. இதைக் கரும்பலகையில் மேல்தோற்றம், பக்கத் தோற்றம் என்று வரைந்து நான் பாடம் நடத்தியிருக்கிறேன். மாணவர்கள் தலையாட்டினார்கள், அவர்களுக்குப் புரியவில்லை என்பது தேர்வுத்தாளில் தெரிந்தது. கையில் நிஜப் பூட்டை வைத்துக்கொண்டு, கைப்பேசித் திரையில் அதன் கூடு கண்ணாடிபோல விலகி, லீவர்கள் எழுவதைப் பார்க்க முடிந்தால் ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும். மிகைமெய் என்று நாம் சொல்வது இதைத்தான். கணினி அறிவியலாளர் இவான் சதர்லாண்ட் 1968இல் செய்துகாட்டிய தலைக்கருவியும் எதிரில் இருக்கும் அறையை மறைக்காமல், அதன்மேல் கோட்டுருவங்களைக் காட்டியது. கூரையிலிருந்து தொங்கவிட வேண்டிய அளவுக்கு அது கனம்.

பூட்டு விளங்கியதோடு வேலை முடிவதில்லை. அதைச் செய்யும் கை இருக்கிறதே, அதுதான் பெரிய ஆய்வுப்பொருள். அரத்தால் ராவும்போது எங்கே அழுத்துவது, எந்த ஓசை கேட்டதும் நிறுத்துவது என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அலிகார் பூட்டுகளும் இயந்திரப் பூட்டுகளும் சந்தையை நிறைத்துவிட்டன. பட்டறைக்காரர்களின் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போகிறார்கள். அந்தக் கையின் அசைவையும் அழுத்தத்தையும் இன்று பதிவு செய்யாவிட்டால் பிறகு பதிவு செய்ய எதுவும் இருக்காது. இதற்குக் காட்சி மட்டும் போதாது, தொடு உணர்வும் வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் மணிவண்ணனின் ஆய்வகம் தொடு உணர்வை ஆராய்ந்து வருகிறது. நம் மாவட்டக் கல்லூரிகள் அங்கே போய்க் கதவைத் தட்ட வேண்டும்.

கைவேலை வழியாகக் கற்பது நமக்குப் புதிதல்ல. 1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி அதுதான். அந்த வழியில் டி. எஸ். சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் 1947இல் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். கண்ணை மட்டும் நிரப்பிக் கையைச் சும்மா வைத்திருக்கும் பாடத்தை அந்த மண்ணுக்குப் பக்கத்தில் நின்று என்னால் கல்வி என்று ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நம் மலைக்கோட்டையை மெய்நிகரில் எழுப்பினால், படியேற முடியாத முதியவர்களும் மேலே போகலாம். செய்ய வேண்டிய பணிதான். ஆனால் உச்சியிலுள்ள கோயிலில் இன்று மூலவர் இல்லை. அங்கே ஒரு சிலையை வரைந்து வைப்பது கணினிக்குச் சில நிமிட வேலை. பார்க்கும் பிள்ளை அதை வரலாறு என்றே நம்பும். எது சான்று, எது ஊகம் என்று பார்ப்பவருக்குத் தெரியும்படி காட்ட வேண்டும் என்று 2006இல் உருவான லண்டன் சாசனம் சொல்கிறது. ஊகத்தை வேறு நிறத்தில் காட்டுங்கள். அப்படிக் காட்டாத படைப்பை ஆய்வு என்று இந்த அவை ஏற்கக் கூடாது.

விலை உயர்ந்த தலைக்கருவிகள் வந்தால்தான் தொடங்க முடியும் என்றும் காத்திருக்க வேண்டாம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 2018 முதலே கியூஆர் குறியீடு இருக்கிறது. கைப்பேசியைப் பாடத்தோடு சேர்த்துப் பிள்ளைகள் பழகிவிட்டார்கள். தலைக்கருவி கிடைத்தாலும் பாடத்தைச் சுருக்கமாக வையுங்கள். நகர்கிறோம் என்று கண் சொல்ல, இல்லை என்று உட்செவி சொன்னால் தலை சுற்றும்.

ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊர் திரும்பும் முன் ஒரு பூட்டுப் பட்டறைக்குப் போய் உட்காருங்கள். அனுமதி கேட்டுப் படம் எடுங்கள். பூட்டுச் செய்பவர் உங்களுக்காகச் செலவிடும் நேரத்துக்குக் கூலி கொடுங்கள். கட்டுரையில் அவர் பெயரையும் ஆசிரியராகச் சேருங்கள். அடுத்த மாநாட்டில் அவரை இந்த மேடைக்கு அழைத்து வாருங்கள்.