எழுதுகோல் தயங்கும்போது



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டால், “எழுத அமர்ந்தோம், ஒரு வரியும் ஓடவில்லை” என்கிறோம். ஊரைவிட்டு வந்த நமக்கு எழுத என்ன உண்டு என்னும் ஐயமே கையைக் கட்டிப்போடுகிறது.

1972-இல் நாஞ்சில் நாட்டு இளைஞர் ஒருவர் பிழைப்புக்காக இந்நகர் வந்தார். விட்டுவந்த வயலும் வாய்க்காலும் உறவுமே அவருக்குப் பொருளாயின. 1975-இல் ‘தீபம்’ இதழில் முதற் சிறுகதை. 1977-இல் ‘தலைகீழ் விகிதங்கள்’ நாவல். 2010-இல் சாகித்திய அக்காதெமி விருது பெற்ற நாஞ்சில் நாடனே அவர். ஊரைப் பிரிந்த ஏக்கமே அவர் எழுத்துக்கு ஊற்றாயிற்று.

நாமும் பெரும்பொருள் தேட வேண்டா. அன்னை வைத்த குழம்பையோ, தாதரில் இறங்கிய முதல் நாளையோ நான்கு வரி எழுதுவோம். ஐந்தாம் வரி தானே வரும். நாம் எழுதாவிடில், நம் மக்கள் எதைப் படித்து நம்மை அறிவர்?