வீட்டுக் கணிப்பொறிக்குக் காவல்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



வீட்டிற்குப் புதிதாக வாங்கும் கணிப்பொறிக்கு எத்தகைய பாதுகாப்பு மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது என்பது பற்றிச் சில கருத்துகளை எடுத்துரைக்க முன்வந்துள்ளோம். இது பொறியாளர்களுக்கு மட்டும் உரிய பொருள் என்று எவரும் ஒதுங்கிவிட வேண்டாம். நம் வீடுகளில் கணிப்பொறி பெரும்பாலும் தவணையிலோ பல மாதச் சேமிப்பிலோ வந்து சேர்கிறது. அண்ணன் போட்டித் தேர்வுக்குப் படிப்பதும், தங்கை கல்லூரிக்கு விண்ணப்பிப்பதும், தந்தை வங்கிக் கணக்கைப் பார்ப்பதும் அந்த ஒன்றிலேயே நடைபெறுகின்றன. சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், ஆதார் அட்டை ஆகியவற்றின் படிகளும் அதிலேயே இருக்கின்றன. கல்வி உதவித்தொகையோ மாணவரின் வங்கிக் கணக்கிற்கே நேராக வருகிறது. ஆகவே அக்கணிப்பொறிக்கு நேரும் கேடு பொறியோடு நிற்பதில்லை. ஒரு குடும்பத்தின் ஓராண்டு முயற்சியையே அது தடுத்துவிடக்கூடும்.

முதலில் பகையை அறிதல் வேண்டும். தனிநபர் கணிப்பொறிகளிடையே பரவிய தொடக்ககால வைரஸ்களுள் ஒன்றான 'பிரெய்ன்', 1986 ஆம் ஆண்டில் பாகிஸ்தானின் லாகூர் நகரில் உருவாயிற்று. மென்பொருள் விற்றுவந்த சகோதரர் இருவர் அதனை எழுதினர். தம் மென்பொருளைத் திருட்டுத்தனமாகப் படியெடுப்போரைப் பிடிக்கவே எழுதியதாக அவர்கள் பின்னாளில் கூறினர். கைமாறிய நெகிழ் வட்டுகளின் வழியே அது நாடு நாடாகச் சென்றது. இன்று நெகிழ் வட்டு மறைந்து, பென் டிரைவும் இணையமும் அவ்விடத்தைப் பிடித்துள்ளன. ஆயினும் எங்கிருந்து வந்ததென்று அறியாத ஒன்றை நாமே நம் பொறிக்குள் ஏற்றுகிறோம் என்ற நிலை மாறவில்லை.

2017 ஆம் ஆண்டு மே 12 ஆம் நாள் 'வான்னாகிரை' என்னும் கேடு உலகைத் தாக்கியது. ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு லட்சத்திற்கும் மேற்பட்ட கணிப்பொறிகளில் புகுந்து, கோப்புகளைப் பூட்டி, மீட்புப்பணம் கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் நோயாளிகளைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. ஆனால் அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இரண்டு மாதங்களுக்கு முன்பே, அதே ஆண்டு மார்ச் மாதத்தில் வெளியிட்டிருந்தது. அத்திருத்தத்தை உடனே ஏற்றுக்கொண்ட பொறிகளுக்கு அந்த ஓட்டை வழியாகத் தீங்கு வரவில்லை. காவலனை விலைக்கு வாங்குவதற்கு முன்பு சுவரின் வெடிப்பை அடைக்க வேண்டும் என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

ஆதலால் முதற்கேள்வி, நம் கணிப்பொறியில் உள்ள விண்டோஸ் உரிமத்துடன் கூடியதா என்பதே. 'எல்லாம் போட்டுத் தருகிறோம்' என்று கூறிச் சில இடங்களில் திருட்டு விண்டோஸையும், பூட்டுடைத்த வைரஸ் எதிர்ப்பு மென்பொருளையும் சேர்த்தே ஏற்றிவிடுகிறார்கள். பூட்டுடைத்துத் தருபவன் உள்ளே வேறு எதை வைத்தான் என்பதை நாம் அறிய வழியில்லை. அத்தகைய பொறியில் எந்தக் காவலும் நம்பத்தக்கதன்று. உரிமத்திற்குப் பணம் இல்லையெனில் அதற்கும் நேர்வழி உண்டு. உபுண்டு, நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் போன்றவை செலவின்றிச் சட்டப்படியே கிடைக்கின்றன.

பழைய கணிப்பொறியை வாங்குவோர் மற்றொன்றையும் கேட்டறிதல் வேண்டும். விண்டோஸ் 10 பதிப்பிற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிவுற்றது. எனவே அப்பொறி விண்டோஸ் 11 பதிப்பை முறையாக ஏற்குமா என்று உறுதி செய்துகொண்ட பின்னரே பணம் கொடுப்பது நன்று.

அடுத்து, காவல் மென்பொருளுக்கு வருவோம். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் 'மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர்' தனிக் கட்டணமின்றி உடன்வருகிறது. ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரடிவ்ஸ் ஆகிய ஆய்வகங்கள் வைரஸ் எதிர்ப்பு மென்பொருள்களைச் சோதித்து, முடிவுகளை எவரும் காணும்படி வெளியிடுகின்றன. ஏவி-டெஸ்ட் சோதனைகளில் டிஃபெண்டர் அண்மை ஆண்டுகளில் உயர்ந்த மதிப்பெண்களையே பெற்று வந்துள்ளது. படிப்பு, விண்ணப்பம், வங்கி ஆகிய அன்றாடப் பணிகளுக்கு இதுவே போதுமென்பது நம் கருத்து.

புதிய கணிப்பொறியில் வேறொரு நிறுவனத்தின் மென்பொருள் சில வாரங்களுக்கு மட்டும் மாதிரியாக ஏற்றப்பட்டிருப்பதுண்டு. அது இயங்கும்போது டிஃபெண்டர் ஒதுங்கிக்கொள்ளும். கெடு முடிந்ததும் 'பணம் கட்டுக, இல்லையேல் ஆபத்து' என்ற எச்சரிக்கை திரையில் தோன்றும். அச்சங்கொள்ள வேண்டியதில்லை. வேண்டாமெனில் அதனை முறைப்படி நீக்கிவிட்டு, 'விண்டோஸ் செக்யூரிட்டி' பகுதியில் டிஃபெண்டர் மீண்டும் இயங்குகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். இரண்டு காவல் மென்பொருள்களை ஒருங்கே இயக்கினால் ஒன்றையொன்று தடுத்துப் பொறியின் வேகத்தையும் குறைக்கும்.

இலவசம் என்பதனாலேயே எதனையும் ஏற்றுவதும் தவறு. அவாஸ்ட் நிறுவனம் தன் மென்பொருளைப் பயன்படுத்தியோர் இணையத்தில் எவற்றைப் பார்த்தனர் என்ற விவரங்களைத் திரட்டித் துணை நிறுவனத்தின் வழியே விற்றதென அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் குற்றம் சாட்டியது. 2024 ஆம் ஆண்டில் 165 லட்சம் டாலர் செலுத்துமாறு அந்நிறுவனத்திற்கு ஆணையிடப்பட்டது. நமக்கு இலவசமாகத் தருபவர் வேறெங்கே வருவாய் ஈட்டுகிறார் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

பணம் கொடுத்தே வாங்க விரும்புவோர்க்குச் சென்னையின் கே7, புனேயின் குயிக் ஹீல் உள்ளிட்ட நம் நாட்டு நிறுவனங்களும் வெளிநாட்டு நிறுவனங்களும் இருக்கின்றன. எதுவாயினும் நான்கு கேள்விகளைக் கேட்டு வாங்குக. ஆய்வகச் சோதனையில் அது எப்படித் தேறியுள்ளது? முதலாண்டுத் தள்ளுபடி முடிந்தபின் புதுப்பிப்புக் கட்டணம் எவ்வளவு? எத்தனை பொறிகளுக்குச் செல்லும்? நாம் சொல்லாமலே ஆண்டுதோறும் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்படுமா?

காவலுக்கென்று ஒதுக்கிய பணம் கையில் இருக்குமாயின், தனியே ஒரு வெளிப்புற வட்டு வாங்குவதையே முதலில் பரிந்துரைப்போம். சான்றிதழ்களையும் பாடக் குறிப்புகளையும் வாரந்தோறும் அதில் படியெடுத்து, உடனே கழற்றி வைத்துவிட வேண்டும். மீட்புப்பணம் கேட்கும் கயவன், கழற்றி வைத்த வட்டைத் தொட இயலாது. அன்றாடப் பயன்பாட்டிற்கு நிர்வாகி உரிமையற்ற தனிக் கணக்கை அமைத்துக்கொள்வதும் நலம். நாமறியாமல் ஒன்று உள்ளே நிறுவப்படுவதை அது பெரிதும் தடுக்கும்.

இவ்வளவும் செய்த பின்னரும் ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. 'உதவித்தொகை அலுவலகத்திலிருந்து பேசுகிறோம். இந்த மென்பொருளை ஏற்றுங்கள். வந்த எண்ணைச் சொல்லுங்கள்' என்று ஒருவன் தொலைபேசியில் அழைக்கும்போது, நம் கையாலேயே திறக்கும் கதவை எந்த மென்பொருளாலும் முழுமையாகக் காக்க இயலாது. ஒருமுறைக் கடவுச்சொல்லை எவருக்கும் சொல்லலாகாது என்பதை வீட்டிலுள்ள முதியோர்க்கும் எடுத்துச் சொல்லுங்கள். பணம் பறிபோனால் வெட்கப்பட்டு மறைக்காமல் அக்கணமே 1930 என்ற எண்ணை அழையுங்கள். காலம் தாழ்த்தாமல் சொன்னால் பணத்தை இடையிலேயே நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. பொறி கெட்டுவிட்டதென ஐயுறுவோர், மத்திய அரசு 2017 இல் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திரா வழங்கும் இலவசத் தூய்மைக் கருவிகளை நாடலாம்.

இளைஞர்களே! வீட்டின் முதல் கணிப்பொறிக்கு நீங்களே பொறுப்பாளர்கள். நம் தெருவில் எவரேனும் புதிதாக ஒன்று வாங்கினால், உங்களில் இருவர் சென்று உரிமத்தைப் பாருங்கள், திருத்தங்களை ஏற்றிக் கொடுங்கள், டிஃபெண்டர் இயங்குகிறதா என்று காட்டுங்கள், படியெடுக்கக் கற்றுக்கொடுங்கள். அரைநாள் வேலைதான். கற்றதைப் பக்கத்து வீட்டிற்குக் கொண்டுசெல்வதற்குத்தானே கல்விச் சங்கம் இருக்கிறது. அப்பணியை இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.