வழிக்கும் மதிப்பெண் உண்டு



மென்பொருள் எழுதும் தொழிலை நாடும் இளைஞர், பட்டச் சான்றிதழை மட்டும் காட்டி வேலை பெற்றுவிட இயலாது. தொழில்நுட்ப நேர்முகத் தேர்வு என்னும் வாயிலையும் அவர் கடத்தல் வேண்டும். தேர்வாளர் ஒரு சிக்கலைச் சொல்வார். இளைஞர் அதற்குரிய நிரலை வெண்பலகையிலோ கணினித் திரையிலோ எழுத வேண்டும். எழுதும்போதே தாம் எண்ணுவதை வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும்.

எத்தகைய வினாக்கள் அங்கே எழும்? 1,000 பெயர்கள் கொண்ட பட்டியலில் ஒரு பெயர் உண்டா என்று காண வேண்டும் என வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றாகப் பார்த்தால் 1,000 பெயர்களையும் பார்க்க நேரிடலாம். நடுப்பெயரைப் பார்த்து, வேண்டாத பாதியை ஒதுக்கி, எஞ்சிய பாதியிலும் அவ்வாறே செய்துகொண்டு போனால் 10 முறைக்குள் விடை கிடைத்துவிடும். 10 லட்சம் பெயர்களாயினும் 20 முறை போதும். அகராதியில் சொல் தேடும்போது நாம் செய்வதும் ஏறக்குறைய இதுவே அன்றோ?

இம்முறையை மனப்பாடமாக ஒப்பிப்பவர் பலர். ஆனால், "பட்டியல் அகரவரிசையில் உள்ளதா?" என்று முதலில் கேட்பவரே பொருளுணர்ந்தவர். வரிசை இல்லாத பட்டியலில் இம்முறை பயன்படாது.

எளிய முறைதானே என்று எண்ணிவிட வேண்டா. ஜாவா மொழியின் நிரல் தொகுப்பில் இம்முறையை எழுதியவர் ஜோஷுவா பிளாக் என்னும் வல்லுநர். அதில் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் மறைந்து கிடந்த ஒரு பிழையை 2006-இல் அவரே உலகிற்கு எடுத்துரைத்தார். நடுவிடத்தைக் காண, இரண்டு இட எண்களைக் கூட்டி இரண்டால் வகுப்பது வழக்கம். பட்டியல் மிகப் பெரிதாயின், அக்கூட்டுத்தொகை கணினி அதற்கென ஒதுக்கிய இடத்தில் அடங்குவதில்லை! ஆதலால், "இது எங்கே தவறக்கூடும்?" என்று தம்மையே வினவிக்கொள்ளும் பழக்கம் வல்லுநருக்கும் வேண்டும்.

அப்படியாயின், தேர்வில் தவறியவர் திறமையற்றவரா? மாக்ஸ் ஹவல் என்பவர் 2009-இல் ஹோம்புரூ என்னும் மென்பொருளை உருவாக்கினார். மாக் கணினியில் பிற மென்பொருள்களை நிறுவ உதவும் அதனை நிரலாளர் பெரிதும் பயன்படுத்துகின்றனர். கூகிள் நிறுவனம் தம்மை ஏற்கவில்லை என்று அவர் 2015-இல் எழுதினார். இரண்டிரண்டு கிளைகளாகப் பிரியும் தரவு மரமொன்றை இடவலமாக மாற்றும் நிரலை வெண்பலகையில் எழுத இயலாமையே காரணம் என்பது அவர் கூற்று. நிரலாளரிடையே பெருவிவாதம் எழுந்தது.

அடிப்படை அறிவைச் சோதிப்பது தேர்வாளரின் உரிமை. அதனை நான் குறைகூற மாட்டேன். ஆயினும், ஒரு மணி நேரச் சோதனை ஒருவருடைய பல்லாண்டு உழைப்பை அளந்துவிடாது. ஒரு தேர்வில் தவறியதும், "நான் இத்தொழிலுக்குத் தகுதியற்றவன்" என்று மனம் உடைந்துபோகும் இளைஞர்கள் இதனை நினைவிற் கொள்ளுதல் நன்று.

கணக்கு விடைத்தாளில் இறுதி விடை தவறினும், சென்ற வழி சரியாயின் ஆசிரியர்களாகிய நாங்கள் மதிப்பெண் இடுவதுண்டு. நல்ல தேர்வாளரும் அவ்வாறே வழியை நோக்குகிறார். ஆகவே, நாள்தோறும் ஒரு கணக்கை எடுத்து, அதைத் தீர்க்கும் வழியை நண்பரிடம் வாய்விட்டு விளக்கிப் பழகுங்கள். வினா விளங்காவிடில் மீண்டும் கேளுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் தயங்காதீர்கள்.